இருபது ஓவர்: யார் எடுத்த அளவு?

பெண்கள் பிரீமியர் லீக் பற்றி நம் வட்டத்தில் பேச்செடுத்தால் இரண்டு பதில்கள்தான் வருகின்றன. 'அம்பானியும் அதானியும் ஏலம் எடுத்து நடத்துற வித்தையில போய் பெண் விடுதலையைத் தேடுறீங்களே' என்பது ஒன்று. 'பாத்தீங்களா, பொண்ணுங்க சாதிச்சுட்டாங்க' என்கிற வாழ்த்து இன்னொன்று. முதல் பதிலைச் சொல்கிறவர்கள் அநேகமாக ஒரு ஆட்டத்தையும் முழுசாகப் பார்த்ததில்லை. இரண்டாவதைச் சொல்கிறவர்கள் கோப்பை வாங்கிய மறுநாள் காலைப் பேப்பரோடு சரி. எதிரெதிராகத் தெரிகிற இந்த இரண்டு பதில்களும் ஆட்டத்தைப் பார்க்க மறுப்பதில் ஒன்றுபட்டு நிற்கின்றன. ஒரு பிரதியை வாசிக்காமலேயே அதன் அரசியலைச் சொல்லிவிடுகிற பழக்கம் நமக்கொன்றும் புதிதில்லை.

இந்தப் போட்டியையும் ஒரு பிரதியாக எடுத்துக்கொண்டு, எதை எந்த அளவுக்கு வெட்டி எப்படித் தைத்திருக்கிறார்கள் என்று பார்க்கலாம் என்றுதான் இதை எழுதுகிறேன். வெட்டித் தைப்பது என்று யோசித்துத்தான் சொல்கிறேன். தையற்கடைக்கு அளவு ஜாக்கெட் கொடுத்தனுப்புகிற வழக்கம் நம் வீடுகளில் உண்டு. பழசை வைத்துத்தான் புதுசு தைக்கப்படும். இடையில் உடம்பு மாறியிருந்தால் அது உடம்பின் குற்றம்.

முதலில் கணக்கு. 2023 ஜனவரி 25ஆம் தேதி இந்திய கிரிக்கெட் வாரியம் ஐந்து அணிகளை விற்றது. மொத்தம் 4,669.99 கோடி ரூபாய். இதில் அகமதாபாத் அணிக்கு மட்டும் அதானி நிறுவனம் கொடுத்தது 1,289 கோடி. மும்பை, பெங்களூரு, டெல்லி அணிகளை அந்தந்த ஊர் ஆண்கள் அணிகளின் முதலாளிகளே வாங்கிக்கொண்டார்கள். லக்னோ, காப்ரி குளோபல் என்கிற நிதி நிறுவனத்துக்குப் போனது. ஐந்து வருட ஒளிபரப்பு உரிமையை வயாகாம் 18 நிறுவனம் 951 கோடிக்கு எடுத்தது. பிப்ரவரி 13ஆம் தேதி ஆடுகிறவர்களின் ஏலம். ஓர் அணி செலவழிக்கக்கூடிய தொகைக்கு 12 கோடி என்று வரம்பு. ஐந்து அணிகளும் சேர்ந்து 60 கோடி. அணிகளின் விலை பல வருடங்களுக்கானது, ஏலத்தொகை ஒரு பருவத்துக்கானது என்பதைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும், எங்கே பணம் கொட்டியது, எங்கே சொட்டியது என்பது தெரியும். அந்த ஏலத்தில் அதிக விலைக்குப் போனவர் ஸ்மிருதி மந்தனா, 3.4 கோடி. அதே பருவத்துக்கான ஆண்கள் ஏலத்தில் சாம் கரன் என்கிற ஒரே ஆளின் விலை 18.5 கோடி. அந்தப் பணத்தில் ஒரு முழுப் பெண்கள் அணியை வாங்கிவிட்டு, மிச்சத்தில் இன்னொரு அரை அணியும் வாங்கலாம்.

ஆட்டத்தின் அமைப்பு எளிமையானது. ஒவ்வோர் அணியும் மற்ற நான்கு அணிகளோடு இரண்டிரண்டு தடவை மோதும். ஆக 20 ஆட்டங்கள். புள்ளிப் பட்டியலில் முதலில் நிற்கும் அணி நேரே இறுதி ஆட்டத்துக்குப் போகும். இரண்டாவதும் மூன்றாவதும் மோதி, ஜெயித்த அணி அதைச் சந்திக்கும். மொத்தம் 22. முதல் பருவம் 2023 மார்ச் 4இல் ஆரம்பித்து 26இல் முடிந்துபோனது, எல்லாம் மும்பைப் பக்கத்து இரண்டு மைதானங்களில். அதே வருடம் ஐபிஎல்லில் 74 ஆட்டங்கள். ஓர் அணியில் அதிகபட்சம் 18 பேர், அதில் 6 பேர் வரை வெளிநாட்டவர். வெளிநாட்டு இடங்கள் நிரம்பினால் இந்தியா முழுமைக்குமாகப் பெண்களுக்கு மிஞ்சுவது 60 இடங்கள். இந்த அறுபதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இன்னொரு அறுபதும் இருக்கிறது. எல்லைக்கோடு 60 மீட்டருக்கு மேல் போகக்கூடாது என்று முதல் பருவத்திலேயே வைத்தார்கள். உடனே எழுந்த கேலி நமக்குத் தெரியும்: 'கோட்டை உள்ள இழுத்து வச்சுட்டு சிக்ஸர் சிக்ஸர்னா எப்படி?' கேலி செய்கிறவர்கள் விதிப் புத்தகத்தைப் புரட்டியதில்லை. ஆண்களின் சர்வதேச ஆட்டத்துக்கே குறைந்தபட்ச அளவு 65 கெஜம்தான், அதாவது 59.43 மீட்டர். ஆண்களின் ஆட்டம் 60 மீட்டருக்கு உள்ளேயும் சட்டப்படி நடக்கலாம். ஆண்களுக்கும் கயிற்றை உள்ளே இழுத்துப் போடுகிறார்கள். அங்கே அதற்குப் பெயர் விறுவிறுப்பு, இங்கே சலுகை. பெண்களின் பந்து 140 முதல் 151 கிராம் வரை, ஆண்களுடையது சுமார் 156 முதல் 163 வரை. ஆனால் பந்து வீசுகிற இடத்திலிருந்து எதிர்கொள்கிற இடம் வரைக்குமான 22 கெஜம் இருவருக்கும் ஒன்றேதான். அதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. எந்த விளையாட்டின் அளவும் இயற்கையில் முளைத்ததல்ல, யாரோ எடுத்த அளவுதான். ஒருவனுடைய அளவு 'பொது' என்றும் மற்றவளுடையது 'பெண்களுக்கானது' என்றும் ஆவது எப்படி என்பதுதான் நாம் கேட்க வேண்டியது. 'கிரிக்கெட்' என்றால் ஆண்கள் ஆடுவது, 'பெண்கள் கிரிக்கெட்' என்றால் பெண்கள் ஆடுவது. அடைமொழி யார்மேல் விழுகிறதோ அவர் வெளியாள்.

இங்கே வரலாற்றைக் கொஞ்சம் கிளற வேண்டியிருக்கிறது. ஏனென்றால் குறுகிய ஆட்டம் என்பது ஆண்கள் கண்டுபிடித்துப் பிறகு பெண்களுக்கு இரங்கிக் கொடுத்தது என்கிற கதை பொய். கிரிக்கெட்டின் முதல் உலகக் கோப்பை 1973இல் இங்கிலாந்தில் பெண்கள் ஆடியது. ஆண்களின் முதல் உலகக் கோப்பை 1975இல்தான். ஒருநாள் ஆட்டத்தில் முதல் இரட்டைச் சதம் 1997இல் மும்பையில் ஆஸ்திரேலியாவின் பெலிண்டா கிளார்க் டென்மார்க்குக்கு எதிராக அடித்த 229. டெண்டுல்கர் அடித்தது 2010இல். முதல் சர்வதேச இருபது ஓவர் ஆட்டமும் பெண்களுடையதே: 2004 ஆகஸ்ட் 5, இங்கிலாந்தும் நியூசிலாந்தும் ஹோவ் மைதானத்தில் ஆடின. ஆண்கள் அதை ஆட ஆறு மாதம் கழித்துத்தான் வந்தார்கள்.

இதில் பெருமைப்படுவதற்கு நிறைய இருக்கிறது. ஆனால் இதையே திருப்பிப் போட்டும் வாசிக்கலாம். புதுப் படகைத் தண்ணீரில் விட்டுப் பார்ப்பதற்கு நம்மிடம் வெள்ளோட்டம் என்று ஒரு சொல் இருக்கிறது. புது வடிவங்களை முதலில் பெண்களை வைத்து வெள்ளோட்டம் விட்டுப் பார்ப்பதில் யாருக்கும் நஷ்டமில்லை. கவிழ்ந்தால் 'பெண்கள் ஆட்டம்தானே', மிதந்தால் ஆண்கள் ஏறிக்கொள்ளலாம். ஏறிக்கொண்ட பிறகு இறங்கச் சொல்வார்கள்.

இந்தியாவில் நடந்ததைப் பாருங்கள். ஐபிஎல் 2008இல் தொடங்கியது. பெண்களுக்குப் பத்து வருடம் கழித்து, 2018 மே 22ஆம் தேதி, வான்கடே மைதானத்தில் ஒரே ஒரு ஆட்டம். போட்டிகூட இல்லை, காட்சி ஆட்டம். அன்று இரவு ஆண்களின் ஆட்டம் இருந்தது. பெண்களுக்குக் கிடைத்தது மதியம் இரண்டு மணி. மே மாத மதிய வெயிலில் யார் வந்து பார்ப்பார்கள்? வரவில்லை. வராததையே காரணமாகக் காட்டி 'பெண்கள் ஆட்டத்துக்குக் கூட்டம் இல்லை' என்று எழுதினால் முடிந்தது. 2019இல் ஜெய்ப்பூர், 2020இல் ஷார்ஜா, 2022இல் புனே என்று மூன்று அணிகளை வைத்து ஒரு வாரத்துக்குள் முடிகிற சின்னப் போட்டி. 2021இல் அதுவும் இல்லை.

அந்த மூன்று அணிகளின் பெயர்கள் என்னை ரொம்ப நாள் உறுத்தின. ட்ரெயில்பிளேசர்ஸ், சூப்பர்நோவாஸ், வெலாசிட்டி. ஒரு பெயரிலும் ஊர் இல்லை. ஆண்களுக்குச் சென்னை உண்டு, மும்பை உண்டு, கொல்கத்தா உண்டு. பெண்ணுக்கு ஊர் கிடையாது. பிறந்த ஊர் அப்பனுடையது, போகிற ஊர் புருஷனுடையது என்கிற நம்ம ஊர்ச் சட்டத்தை கிரிக்கெட் வாரியம் அறிந்தோ அறியாமலோ அப்படியே எழுதி வைத்திருந்தது. 2023இல்தான் அணிகளுக்கு ஊர் வந்தது.

வந்த ஊர்களில் சென்னை இல்லை. சேப்பாக்கத்தில் மஞ்சள் சட்டையோடு திரள்கிற லட்சோப லட்சம் ரசிகப் பெருமக்களைப் பற்றி எத்தனையோ பக்கங்கள் எழுதப்பட்டிருக்கின்றன. அந்த மஞ்சளில் பெண்களுக்கு அணி இல்லை என்பது ஒரு பொருட்டாக இல்லை. 2016இல் தமிழ்நாடு பிரீமியர் லீக் ஆரம்பித்தபோது திருச்சியின் பெயரிலும் ஓர் அணி உண்டானது. அதுவும் ஆண்களுக்குத்தான். தமிழ்நாட்டு அணிக்காக ஆடிக்கொண்டிருந்த பெண்களில் முதன்முதலாக பெண்கள் லீகில் இடம் பிடித்தவர் கீர்த்தனா பாலகிருஷ்ணன், 2023 டிசம்பர் ஏலத்தில், 10 லட்சத்துக்கு. எடுத்தது மும்பை. அடுத்த வருடம் டிசம்பரில் 16 வயது கமலினியின் அடிப்படை விலை 10 லட்சம், ஏலம் ஏறி ஏறி 1.6 கோடியில் நின்றது. எடுத்தது மறுபடியும் மும்பை. ராஞ்சிக்காரரான தோனி சென்னைக்கு ஆடவில்லையா என்று கேட்பீர்கள். கேட்கலாம். ஆனால் இங்கே உள்ள பையனுக்குச் சென்னையும் உண்டு, வெளியூரும் உண்டு. பெண்ணுக்கு வாக்கப்பட்டுப் போவது மட்டும்தான் வழி.

*

தமிழ் படித்தவள் என்பதால் சொற்களைப் பற்றி ஒரு பத்தி. கிரிக்கெட் விதிகளில் ஆண்பாலாக இருந்த 'பேட்ஸ்மேன்' என்ற சொல்லை 2021 செப்டம்பரில் 'பேட்டர்' என்று மாற்றினார்கள். தமிழுக்கு அந்தச் சிக்கலே இல்லை. பந்துவீச்சாளர், ஆட்டக்காரர் என்று 'அர்' விகுதி இருபாலுக்கும் பொருந்தும். இருந்தும் நம் பத்திரிகைகள் தேடிப்பிடித்து எழுதுவது 'வீராங்கனை'. அங்கனை என்றால் வடமொழியில் அழகிய அங்கங்களை உடையவள். வீரர் என்ற சொல்லில் உடம்பு இல்லை. வீராங்கனையில் அங்கம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. அவள் விக்கெட் எடுப்பதற்கு முன்பே சொல் அவளைப் பார்த்துவிடுகிறது.

இந்தப் பார்வைக்கு நம்மிடம் நீண்ட மரபு உண்டு. பழந்தமிழ் இலக்கியத்தில் பந்து பெண்கள் கையில் இருக்கிற பொருள். சங்கப் பாடல்களில் பெண்கள் பந்தும் கழங்கும் ஆடுகிறார்கள். சிலப்பதிகாரத்தில் கந்துகவரி இருக்கிறது. கொங்குவேளிரின் பெருங்கதையில் 'பந்தடி கண்டது' என்று ஒரு பகுதியே உண்டு. உதயணனுடைய இரண்டு தேவியரின் தோழிப் பெண்கள் போட்டி போட்டுக்கொண்டு பந்தடிக்கிறார்கள். ஒருத்தி அடித்த எண்ணிக்கையை அடுத்தவள் தாண்டுகிறாள், கணக்கு ஆயிரம் ஆயிரமாக ஏறுகிறது. எண்ணிக்கை இருக்கிறது, போட்டி இருக்கிறது, வெற்றி தோல்வி இருக்கிறது. நம் இலக்கியத்தில் இதைவிடத் தெளிவான ஒரு 'ஸ்கோர் போர்டு' எனக்குத் தெரிந்து இல்லை. ஆனால் கதை எங்கே போய் முடிகிறது? ஒளிந்திருந்து பார்க்கிற உதயணன், அதிகம் அடித்த மானனீகைமேல் ஆசைகொள்கிறான். அவள் அடித்த எண்ணிக்கை அடுத்த காதையில் ஒரு காதல் கடிதத்துக்கு முன்னுரையாகிவிடுகிறது. 'பெண்களுக்கு விளையாட்டு மரபு இருந்தது' என்று பழம்பெருமை பேசுகிறவர்கள் இந்த இடத்தை மெல்லத் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஆடுகிறவள் இருந்தாள், ஆட்டத்தை ஆட்டமாகப் பார்க்கிற கண்தான் இல்லை.

அந்தக் கண்ணை உண்டாக்கியதில் இந்த லீகுக்குப் பங்கு உண்டு என்பேன். நம் தோழர்கள் கோபித்துக்கொள்ளலாம். ஒரு மாதம் தினமும் ராத்திரி பார்க்கும்போது, பார்க்கிறவனுக்கு 'பெண்' என்பது சலித்துப்போய், யார் யார்க்கர் போடுகிறாள், யாருக்கு லெக் சைடு பலவீனம் என்று பேச வேண்டியதாகிறது. எங்கள் ஊர் டீக்கடையில் ஷஃபாலி வர்மா கால் நகர்த்தாமல் அடிப்பதைப் பற்றி இரண்டு பேர் சண்டை போட்டதைக் கேட்டிருக்கிறேன். 'பொம்பளை' என்கிற வார்த்தை அந்தச் சண்டையில் ஒரு தடவைகூட வரவில்லை. நூறு கருத்தரங்கம் போட்டும் நம்மால் செய்ய முடியாததை ஒரு விளம்பரக் கம்பெனித் திருவிழா போகிற போக்கில் செய்துவிடுகிறது. சங்கடம்தான், ஆனால் உண்மை.

*

அப்படியானால் குறை எங்கே? குறை இருபது ஓவரில் இல்லை, இருபது ஓவரோடு நிறுத்திவிடுவதில். பெண்ணுக்கு நேரம் கொடுக்கப்படவில்லை.

மித்தாலி ராஜ் 1999 முதல் 2022 வரை 23 வருடங்கள் இந்தியாவுக்காக ஆடினார். அவர் ஆடிய டெஸ்ட் ஆட்டங்கள் 12. இரண்டு வருடத்துக்கு ஒன்று என்றுகூட வைத்துக்கொள்ள முடியாது, நடுவில் வறண்ட வருடங்கள் அத்தனை. தமிழ்நாட்டு உதாரணம் இன்னும் கசப்பானது. திருஷ் காமினி, 2013இல் உலகக் கோப்பையில் சதம் அடித்த முதல் இந்தியப் பெண். 2014 நவம்பரில் மைசூரில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிரான டெஸ்டில் அவர் அடித்தது 192. எட்டு ரன் சேர்த்திருந்தால் இரட்டைச் சதம். இந்தியா இன்னிங்ஸ் வெற்றி. அதற்குப் பிறகு இந்தியப் பெண்கள் அடுத்த டெஸ்ட் ஆடியது 2021 ஜூனில். ஆறரை வருடம்! 192 அடித்தவள் அடுத்த இன்னிங்ஸுக்காகக் காத்திருக்கிறாள், ஆட்டமே வரவில்லை. திறமை இல்லை, தாங்கும் சக்தி இல்லை என்று எந்த வாயால் சொல்வது? நீளமாக ஆடக்கூடியவளுக்கு முன்னால் துணியை வெட்டிவிட்டு, பெண்ணுக்கு ஏற்றது குட்டைச் சட்டைதான் என்று சொன்ன கதை.

2024 ஜூன் கடைசியில் சேப்பாக்கத்திலேயே ஒரு டெஸ்ட் நடந்தது, மறுபடியும் தென்னாப்பிரிக்காவுடன். முதல் நாள் இந்தியா 4 விக்கெட்டுக்கு 525. ஷஃபாலி 205, மந்தனா 149. கடைசியில் 6 விக்கெட்டுக்கு 603 என்று டிக்ளேர். ஸ்னே ராணா ஒரே இன்னிங்ஸில் 8 விக்கெட். இருபது ஓவர் ஆட்டத்தில் கற்ற அடியை நாள் முழுக்க நீட்டினால் என்ன ஆகும் என்பதற்கு அந்த நாள் சாட்சி. குறுகிய வடிவமும் நீண்ட வடிவமும் ஒன்றுக்கொன்று எதிரி இல்லை என்பதற்கும்.

கூலி விஷயத்தைச் சொல்லாமல் இதெல்லாம் வெறும் அழகியல். உள்நாட்டுப் போட்டிகளில் ஆடும் பெண்களின் ஆட்டக் கூலி 2021 வரை 12,500 ரூபாய். அந்த வருடம் 20,000 ஆக்கினார்கள். அதே அறிவிப்பில் ஆண்களுக்கு, அனுபவத்தைப் பொறுத்து, ஒரு நாளைக்கு 40,000 முதல் 60,000 வரை. 2022 அக்டோபரில் சர்வதேச ஆட்டக் கூலி இருபாலுக்கும் ஒன்று என்று வாரியம் அறிவித்தது: டெஸ்டுக்கு 15 லட்சம், ஒருநாளுக்கு 6 லட்சம், இருபது ஓவருக்கு 3 லட்சம். கைதட்டினோம், தட்ட வேண்டியதுதான். ஆனால் டெஸ்டே நடக்காதபோது டெஸ்டுக்கான சமக்கூலி ஏட்டுச் சுரைக்காய். அந்தப் பருவத்து வருடாந்திர ஒப்பந்தத்தில் ஆண்களின் உச்சப் படி 7 கோடி, பெண்களுடையது 50 லட்சம். சமத்துவம் என்பது ஒரு நாள் கூலியில். வேலை நாட்கள் யார் கையில் என்று கேட்டால் பதில் வேறு. விவசாயக் கூலிப் போராட்டங்களில் இருந்தவர்களுக்கு இந்தத் தந்திரம் பழக்கமானதுதான்.

இந்தப் பெண்கள் இத்தனை காலம் எதைச் சாப்பிட்டு ஆடினார்கள்? 2006இல் ஆண்கள் வாரியத்தோடு இணையும் வரை பெண்கள் கிரிக்கெட் சங்கம் தனியாகத்தான், கைக்காசைப் போட்டுத்தான் நடந்தது. சோறு போட்டது பொதுத்துறை. மித்தாலி ராஜ் ரயில்வேயில், ஜூலன் கோஸ்வாமி ஏர் இந்தியாவில். தேசியப் போட்டிகளில் ரயில்வே அணி வருஷக்கணக்காக அசைக்க முடியாததாக இருந்ததற்குக் காரணம் அங்கே மாதச் சம்பளம் இருந்தது என்பதுதான். பொன்மலைப் பணிமனையை நம்பி மூன்று தலைமுறை எழுந்து நின்ற திருச்சிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ரயில்வே அவர்களை ஏலம் எடுக்கவில்லை, வேலைக்கு வைத்தது. ஆட முடியாத வயதிலும் அந்த வேலை இருக்கும். ஏர் இந்தியா 2022 ஜனவரியில் டாடாவிடம் போனது. மறு வருடம் லீக் வந்தது. ஒன்றுக்கொன்று காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் மாதச் சம்பளம் சுருங்குகிற காலத்தில்தான் ஏலத்தொகை பெரிதாகத் தெரிகிறது என்பதை நாம் கவனிக்க வேண்டும். அறுபது பேருக்கு லட்சங்களில் கொடுப்பது ஒரு வகை. ஆயிரம் பேருக்கு வேலை கொடுப்பது இன்னொரு வகை. முதலாவது தொலைக்காட்சியில் வரும்.

2025 நவம்பர் 2ஆம் தேதி இரவு தென்னாப்பிரிக்காவை 52 ரன்னில் ஜெயித்து இந்தியப் பெண்கள் உலகக் கோப்பை வாங்கினார்கள். 2005லும் 2017லும் இறுதி ஆட்டத்தில் தோற்றவர்கள். நெருக்கடியில் ஆடிப் பழகியதற்கு லீக் ஒரு காரணம் என்று பலரும் சொன்னார்கள், அதில் நியாயம் உண்டு. அதற்குள் போக இங்கே இடமில்லை.

*

சி.எல்.ஆர். ஜேம்ஸ் 1963இல் வெளியான தன் கிரிக்கெட் நூலில், டிரினிடாட்டில் எந்த கிளப்பில் சேர்வது என்பதே தோலின் நிறத்தைப் பற்றிய கேள்வியாக இருந்ததை எழுதுகிறார். ஜீயபுரத்தில் கிளப் எல்லாம் கிடையாது. இங்கே கேள்வி, எந்த மண்ணில் யார் கால் வைக்கலாம் என்பது. மேட்டூரில் தண்ணீர் திறக்கிற வரை காவிரி மணல்தான் மைதானம். அங்கே எந்தத் தெருப் பையன்கள் எந்தப் பக்கம் ஆடுவார்கள் என்பதற்கு எழுதாத சட்டம் உண்டு, அது எந்தச் சட்டம் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எல்லாத் தெருவுக்கும் பொதுவான ஒரே விதி, பெண்கள் ஆடக்கூடாது என்பது. சின்னப் பிள்ளையாக இருந்தால் கரையில் நின்று பந்து பொறுக்கிப் போடலாம். பங்குனியில் ஸ்ரீரங்கத்திலிருந்து நம்பெருமாள் எங்கள் ஊர் மண்டபத்துக்கு வருவதற்கு ஒரு கதை சொல்வார்கள்: பேரன் ஆற்றுக்குப் போனான், பாட்டி சோற்றை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். எங்கள் ஊர்க் கதையிலும் ஆற்றுக்குப் போகிறவன் ஆண், காத்திருக்கிறவள் பெண்.

நான் படித்த பள்ளியில் பையன்களுக்கு கிரிக்கெட் மட்டை, எங்களுக்கு எறிபந்தும் வளையப்பந்தும். நடுவில் வலை கட்டி, யார் மேலும் யாரும் படாமல், ஓடாமல், விழாமல் ஆடுகிற ஆட்டங்கள். நல்ல ஆட்டங்கள்தான். ஆனால் தேர்ந்தெடுத்தது நாங்கள் இல்லை. 2024இல் தமிழக அரசு பன்னிரண்டாயிரத்துக்கு மேற்பட்ட ஊராட்சிகளுக்கும் கலைஞர் பெயரில் விளையாட்டு உபகரணத் தொகுப்புக் கொடுத்தது. இதை வாசிக்கிற செயல்பாட்டாளர்கள் அவரவர் ஊரில் போய், அந்த மட்டை இப்போது யார் வீட்டில் இருக்கிறது, எத்தனை பெண்கள் அதைத் தொட்டிருக்கிறார்கள் என்று விசாரித்து எழுதினால் இந்தக் கட்டுரையைவிட உபயோகமாக இருக்கும்.

எங்கள் தெருவில் 13 வயதுப் பெண் ஒருத்தி இடது கையால் சுழற்பந்து போடுகிறாள். கரையில் நின்று பந்து பொறுக்கிப் போட்டே பழகிய கை. இந்த வருடம் வயதுக்கு வந்ததும் ஆற்றுமணல் நின்றுபோனது. என் செல்போனில் லீக் ஆட்டங்களை அவளோடுதான் பார்த்தேன். எனக்குத் தெரியாததையெல்லாம் அவள்தான் சொல்லிக்கொடுத்தாள் ('அத்தை, அவ கையைப் பாக்காதீங்க, மணிக்கட்டைப் பாருங்க'). வாழை இலை அறுக்கப் போகிற அவள் அம்மாவை உட்கார வைத்து, கமலினி ஏலம் போன கதையைச் சொன்னேன். அந்த அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, 'இது மாதிரி மொத்தம் எத்தனை பேரை எடுப்பாங்கம்மா?' என்றார். அறுபது என்றேன். 'நாடு முழுக்கவா?' ஆமாம். 'மத்த பிள்ளைங்க என்ன பண்ணும்?' ரயில்வேயில் விளையாட்டு ஒதுக்கீடு இருக்கிறது, போலீஸில் இருக்கிறது என்றேன். அது அவருக்குப் பிடித்திருந்தது. ஏலத்தைவிட அதைப் பற்றித்தான் திரும்பத் திரும்பக் கேட்டார்.

திருச்சி அண்ணா விளையாட்டரங்கத்தில் பயிற்சிக்கு என்ன வழி என்று விசாரித்து வருவதாகச் சொல்லியிருக்கிறேன். சத்திரம் வரைக்கும் டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை, அது ஒரு பெரிய தொல்லை விட்டது. மாலை ஆறரைக்கு மேல் திரும்பி வருவது யார் துணையோடு என்பது இன்னும் முடிவாகவில்லை. 'எல்லாம் சரி, மொதல்ல அங்க சொல்லித்தர்றது ஆம்பளையா பொம்பளையான்னு கேட்டுக்கிட்டு வாம்மா' என்று அந்த அம்மா சொல்லி அனுப்பியிருக்கிறார். வியாழக்கிழமை போகிறேன்.